வாடகை வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டிரம்ஸ்

சிகரெட்டை விட்ட புதிதில் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

நான் மருந்துக் கம்பெனி ரெப். ஒரு நாள் பேரையூர் பக்கம், ஒரு நாள் அலங்காநல்லூர் பக்கம், மற்ற நாட்களில் மதுரைக்குள் என்று வண்டியில் சுற்றுகிற வேலை. சுற்றுவதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். டாக்டர் நோயாளிகளையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். அப்படி நின்ற நேரத்தையெல்லாம் வருஷக்கணக்காகப் புகையாகவே ஊதித் தள்ளியிருந்தேன். ஒரு நாள் நெஞ்சு டாக்டர் ஒருவரிடம் புது மருந்தைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் பிடித்துக்கொண்டது, விடவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நீங்க ரெப்பா வந்திருக்கீங்களா, பேஷண்டா வந்திருக்கீங்களா?"

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார். நிறுத்திவிட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கைக்குத்தான் அது புரியவில்லை. வண்டியின் பெட்ரோல் டேங்க், டீக்கடை பெஞ்சு, ஏடிஎம் கதவு என்று எது கிடைத்தாலும் விரல்கள் தட்ட ஆரம்பித்தன. வீட்டில் சோறு போட்டு வைத்தால் தட்டின் விளிம்பில் தாளம். என் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கப் பிள்ளைகளின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் இது.

"என்னங்க, அந்தத் தட்டை விடுங்க. என் பல்லுக்குள்ள தட்டுற மாதிரி இருக்கு" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஏதாவது சொல்லப்போய் நான் மறுபடியும் பெட்டிக்கடைக்குக் கிளம்பிவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு.

எங்கள் மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் எங்களை ஒரு பெரிய கடை வளாகத்துக்குக் கூட்டிப்போனாள். மேல்மாடியில் விளையாட்டுக் கூடம். அங்கேதான் அந்த டிரம்ஸைப் பார்த்தேன். திரையில் ஒரு சாலை ஓடுகிறது. சாலையில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வில்லைகள் நம்மை நோக்கி வருகின்றன. கோட்டைத் தொடும் நொடியில் அதே நிறத்து டிரம்மை அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் பாட்டு ஓடும், தவறவிட்டால் பாட்டு நொண்டும். குச்சியைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவில்லை. மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, போதும். பின்னாடி சின்னப் பசங்க நிக்குறாங்க."

வியர்த்து வழிந்தது. வண்டி நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது, உள்ளே இருந்த அவ்வளவு நேரமும் சிகரெட் ஞாபகம் ஒரு தடவைகூட வரவில்லை.

அதன் பிறகு ஒரே யோசனைதான். இதை வீட்டுக்கு வாங்கலாமா? கிளினிக் வாசல்களில் நின்றுகொண்டு போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது என்றான் ஒருவன். இன்னொருவன் தூசி படிந்து மூலையில் கிடந்த தன் டிரம்ஸைக் காட்டி, என்னைப் போல ஏமாறாதீர்கள் என்றான். இரண்டையும் நம்பினேன். காலையில் வாங்கிவிடுவது என்று முடிவெடுப்பேன், மத்தியானத்துக்குள் வேண்டாம் என்று ஆகிவிடும். மகளிடம் போனில் கேட்டேன்.

"வேணாம்ப்பா. கடைசியில அம்மா அதுல துணிதான் காயப்போடுவாங்க."

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "வாங்கி எங்க வைப்பீங்க?"

அவனியாபுரத்தில் நாங்கள் இருப்பது வாடகை வீடு, மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். ஹால் என்று சொல்கிற அறையில் சோபா, டிவி, தையல் மெஷின் போக மிச்சமிருப்பது நடக்கிற இடம். ஆனாலும் பழைய சாமான் விற்கிற இணையதளத்தில் தேடிக்கொண்டேதான் இருந்தேன். ஒரு நாள் டவுனுக்குள்ளிருந்தே ஒரு விளம்பரம் வந்தது. மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் பைக்கடை வைத்திருக்கிற பாய் ஒருவர் விற்கிறார்.

கடைக்குப் பின்னால் அவர் வீடு. டிவியில் மாட்டுகிற கேம் பெட்டி, நாலு பிளாஸ்டிக் டிரம், காலால் மிதிக்கிற பெடல் என்று எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தார். ஷார்ஜாவிலிருந்து அவருடைய மச்சான் கொண்டுவந்ததாம். பிள்ளைகளுக்குத்தானே என்று கேட்டேன். பாய் சிரித்தார்.

"பிள்ளைகளா? அவங்க திரும்பிக்கூடப் பாக்கலண்ணே. நான்தான் அடிச்சேன். கடையைச் சாத்திட்டு வந்தா நேரா இதுதான். ஆறேழு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் எல்லாப் பாட்டும் தீந்துபோச்சு."

"தீந்துபோச்சுன்னா?"

"அடிச்சு முடிச்சாச்சு. அதுக்கு மேல என்ன பண்றது? திரும்பத் திரும்ப அதையே அடிக்கலாம். எனக்கு ஆசை விட்டுப்போச்சு. விக்கணுங்கிறதுக்காகப் பொய் சொல்லக்கூடாதுல்ல?"

உட்கார்ந்து ஒரு பாட்டு அடித்துப் பார்த்தேன். மஞ்சள் டிரம் லேசாக மந்தம், மற்றவை நன்றாக இருந்தன. பெடலில் ஏற்கெனவே ஒரு இரும்புத் தகடு போட்டு இறுக்கியிருந்தார். "முதல்ல போறது இதுதான்ணே. நம்ம ஆளுங்க மிதிக்கிற மிதிக்கு பிளாஸ்டிக் தாங்காது" என்றார். பிறகு என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்குக் கீழ யாரும் இருக்காங்களா?"

"வீட்டுக்காரர் இருக்கார்."

"அப்ப யோசிச்சுக்கோங்க" என்றார்.

யோசித்துக்கொண்டே வாங்கிவிட்டேன். ஷேர் ஆட்டோவில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொண்டது. மடியில் பெடலை வைத்திருந்த என்னிடம் ஒரு அம்மா, "எந்தக் கோயிலுக்குப்பா கொண்டுபோறீங்க?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி முடித்து அடித்தால், எதுவும் சேரவில்லை. வில்லை கோட்டைத் தொடும்போதுதான் அடிக்கிறேன், திரை தப்பு தப்பு என்கிறது. கடையில் அவ்வளவு நன்றாக அடித்தவனுக்கு வீட்டுக்கு வந்ததும் கை போய்விட்டதா? பாய்க்குப் போன் செய்தேன். புது டிவிகளில் படம் ஒரு இமைப்பொழுது பிந்தி வருமாம். அதைச் சரிசெய்வதற்கு விளையாட்டுக்குள்ளேயே ஒரு இடம் இருக்கிறதாம். போனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னார், செய்தேன். சரியாகிவிட்டது. இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவதில் கதவு தட்டப்பட்டது.

வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சத்தமாகப் பேசத் தெரியாத மனுஷர்.

"தம்பி, மேல ஏதும் இடிக்கிறீங்களா?"

உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். டிரம்களின் சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லையாம். பெடல்தான். நான் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அவர் தலைக்கு நேர் மேலே இறங்கியிருக்கிறது. "ஃபேன் ஆடுது தம்பி" என்றார் வருத்தமாக. மறுநாள் கயிற்று மிதியடி, பழைய சைக்கிள் டியூப், கிழிந்த மெத்தையின் பாதி என்று ஒவ்வொன்றாகப் பெடலுக்கு அடியில் திணித்துப் பார்த்தேன். நான் மிதிப்பதும், மனைவி கீழே போய்க் கேட்டுவிட்டு வருவதும். மெத்தைக்குத்தான் சத்தம் கொஞ்சம் மசிந்தது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சாயங்காலம் வீட்டுக்காரர் விமான நிலையச் சாலையில் நடைபோகும் நேரத்தில் மட்டும் அடித்துக்கொள்ளலாம்.

ஆகவே, அவர் கேட்டைச் சாத்துகிற சத்தத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். டாக்டர் வாசலில் நின்றாலும் நினைப்பு அந்தக் கேட்டிலேயே இருந்தது. உசிலம்பட்டி ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அவர் இந்நேரம் கிளம்பியிருப்பார், இந்நேரம் பாதித் தூரம் போயிருப்பார் என்று கணக்குப் போடுவேன். வந்ததும் செருப்பைக் கழற்றாமல்கூட உட்காருவேன். பாட்டு முடிந்ததும் நூற்றுக்கு எவ்வளவு என்று திரையில் வரும். தொண்ணூற்றெட்டு வந்தால் விட்டுப்போன இரண்டு மனதை அரிக்கும். மறுபடியும் அதே பாட்டு. எல்லாமே ஆங்கிலப் பாட்டுகள், ஒரு வரியும் புரியாது. அதைப் பற்றிக் கவலையும் இல்லை. புகை பிடிக்கிற எண்ணம் போய்விட்டது உண்மைதான். ஆனால் சும்மா உட்கார முடியாத அந்தக் குணம் போகவில்லை. வேறு வேலை தேடிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு நாள் மனைவி அருகில் வந்து நின்றாள். "நானும் அடிச்சுப் பாக்கவா?" என்றாள். "நம்ம பாட்டு ஒண்ணுகூட இல்லையா இதுல?"

"இல்ல. நம்ம பாட்டு வராது."

குச்சியை வாங்கி உட்கார்ந்தாள். சிவப்பு வந்தால் நீலத்தை அடித்தாள். பெடலை மறந்தே போனாள். திரையில் இருந்த கூட்டம் ஊளையிட்டது, பாட்டு பாதியில் நின்றது. அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னொரு தடவை" என்றாள். மறுபடியும் தோற்றாள், மறுபடியும் அதே சிரிப்பு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் திரும்பி வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

பொங்கல் அன்றைக்கு எங்கேயும் போக முடியாது. அவனியாபுரத்தில் அன்று ஜல்லிக்கட்டு. தெருவெல்லாம் தடுப்புக் கட்டை, மாடியெல்லாம் ஜனம், மைக்கில் காலையிலிருந்து ஒரே கூப்பாடு. வீட்டுக்காரர் வாடிவாசல் பக்கம் போய்விட்டார். நாள் முழுக்க நமக்குத்தான் என்று உட்கார்ந்தேன். ஒரு கஷ்டமான பாட்டு இரண்டு வாரமாக எனக்கு முழுசாக வராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. பாதி நன்றாகப் போகும், அதற்குள் மைக்கில், "மாடு நின்னு வெளையாடுது! மாடு ஜெயிச்சிருச்சு!" என்று கத்துவார்கள். கை தடுமாறும். ஜன்னலைச் சாத்தினேன். டிவி சத்தத்தைக் கூட்டினேன். பொங்கல் சாப்பிட வரச்சொல்லி மனைவி கூப்பிட்டாள். வாரேன் என்றேன். மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் வாரேன் என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"என்னங்க, வெளையாடுறீங்களா, பரீட்சை எழுதுறீங்களா? மூஞ்சியப் போய்க் கண்ணாடில பாருங்க."

"இரு, முடிக்கப்போறேன்."

"நீங்க முடிக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். மேலிருந்து மற்ற வீட்டுப் பெண்களோடு மாடு பார்க்கிற சத்தம் கேட்டது. நான் ஏறிப் போகவில்லை. அன்று எனக்குத் தொண்ணூற்றொன்பது வந்தது. ஒரே ஒரு வில்லை எங்கே விட்டுப்போனது என்று தெரியவேயில்லை. அதற்கப்புறம் அவள் குச்சியைக் கேட்கவுமில்லை, நானும் கூப்பிடவில்லை.

சில வாரம் கழித்துப் பேரையூரில் நேரமாகிவிட்டது. டாக்டர் ஒரு பிரசவத்தில் இருந்தார். வாசலில் நின்றபடி மனைவிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் செய்தேன், எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு அவள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய நேரம். டாக்டரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டேன். ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேல முள்ளும் காய்ந்த கண்மாயும்தான். வண்டியை எவ்வளவு முறுக்கினாலும் அதே இடத்தில் நிற்பது போல இருந்தது. வழியில் நிறுத்தி மறுபடியும் போன் செய்தேன். நிறுத்திய இடம் ஒரு பெட்டிக்கடை வாசல். கடைக்காரர், "என்ன வேணும்ணே?" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் என் பழைய பாக்கெட் அடுக்கி வைத்திருந்தது. வாய் தானாகவே திறந்தது. "கடலைமிட்டாய்" என்றேன். அதை மென்றுகொண்டே திருமங்கலம் வந்து ரிங் ரோட்டைப் பிடித்தேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே மாடியிலிருந்து பெடல் சத்தம் கேட்டது. தம், தம், தம். நான் மிதிக்கிறாற்போல இல்லை, அதில் அவசரமில்லை. படியேறிக் கதவைத் திறந்தேன்.

டிவி அணைந்திருந்தது. கேம் பெட்டியின் ஒயரைக்கூடப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். சோபாவில் என் மனைவியின் போன் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. டிரம்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது கீழ்வீட்டு அம்மா, வீட்டுக்காரரின் மனைவி. சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு பெடலை மிதிக்கிறார், கையில் குச்சி. என் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் போணியில் ஸ்பூனால் அடிக்கிறாள்.

"போன் அடிச்சேனே, எடுக்கலையே!"

"பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தோம்ல? யாரோ கூப்பிடுறாங்கன்னு அத்தைதான் தள்ளிவிட்டாங்க" என்றாள் மனைவி.

கீழ்வீட்டு அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்கத்தை" என்று அவள் தடுத்தாள். பிறகுதான் கதை வெளியே வந்தது. நான் வெளியூர் போகிற நாட்களில் இது நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் அந்த அம்மா மாவு கொடுக்க மாடிக்கு வந்திருக்கிறார். மேலே இடிக்கிற சாமான் எதுவென்று பார்த்தாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பார்த்தவர் சும்மா போகவில்லை.

"அந்த டிவியில ஓடுறது எனக்குக் கண்ணைக் கட்டுதுப்பா. அதான் அதை நிப்பாட்டிட்டு நம்ம பாட்டுக்கு அடிக்கிறோம்" என்றார் அந்த அம்மா.

"டிவி இல்லாட்டா சத்தமே வராதே. வெறும் பிளாஸ்டிக்தானே இது?"

"சத்தம் வருதுல்ல?" என்று சிவப்பு டிரம்மை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். டொப்பென்றது. "இம்புட்டுச் சத்தம் போதும்."

குச்சியை என்னிடம் நீட்டினார். "நீ நல்லா அடிப்பியாமே, ஒரு பாட்டு அடி."

உட்கார்ந்தேன். மனைவி பாட்டை முதலிலிருந்து போட்டாள். சின்ன வயசிலிருந்து கேட்ட பாட்டு, ஒவ்வொரு வரியும் தெரியும். ஆனால் குச்சியை எங்கே இறக்குவதென்று தெரியவில்லை. எதிரே இருட்டான திரைதான் இருக்கிறது, வில்லை எதுவும் வரவில்லை. இரண்டு அடி சரியாக விழுந்தது, மூன்றாவது பிந்தியது. அதைப் பிடிக்க அவசரப்பட்டேன், பாட்டைத் தாண்டிப் போய்விட்டேன். பெடல் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கழுத்தில் வியர்த்தது. இத்தனை மாசமாக என்னதான் அடித்துக்கொண்டிருந்தேன்? இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கீழ்வீட்டு அம்மாவால் பொத்தியும் அடக்க முடியவில்லை. குச்சியை வாங்கிக்கொண்டு மறுபடியும் அவரே டிரம்ஸுக்கு முன்னால் உட்கார, நான் தரையில் உட்கார்ந்தேன்.

"போணியை வேணா வாங்கிக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

அந்த நேரம் கீழே கேட் சத்தம் கேட்டது. நடை முடிந்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். நான் பழக்க தோஷத்தில் சட்டென்று எழுந்துவிட்டேன். கீழ்வீட்டு அம்மா அசையவில்லை. படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர், காலடியில் பெடலும் கையில் குச்சியுமாக உட்கார்ந்திருந்த தன் மனைவியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இனிமே நான் எங்க போயிச் சொல்றது?" என்றார்.

"எங்கயும் சொல்ல வேணாம். சுக்குக் காப்பி போட்டு வச்சிருக்கேன், சூடு பண்ணிக் குடிங்க. நான் வாரேன்" என்றார் அந்த அம்மா.

அன்றிலிருந்து நேரக் கட்டுப்பாடு தானாகவே தளர்ந்துபோனது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவர்கள் அடிக்கிறார்கள், மற்ற நாட்களில் நான். நான் டிவியைப் போட்டுத்தான் அடிக்கிறேன், சந்தேகமே வேண்டாம். பாய் சொன்ன மாதிரி பாட்டுகள் தீர்ந்துகொண்டுதான் வருகின்றன. அந்த ஒரு வில்லையும் இன்னும் சிக்கவில்லை. யாரும் இல்லாத சாயங்காலங்களில் மட்டும் திரையை அணைத்துவிட்டு, போனில் ஒரு மெதுவான பாட்டைப் போட்டு அடித்துப் பார்க்கிறேன். பல்லவி சேர்கிறது. சரணத்துக்குப் போனால் ஓட ஆரம்பித்துவிடுகிறேன்.

போன வாரம் அலங்காநல்லூரில் ஒரு கிளினிக் வாசலில் நின்றிருந்தோம். வேறு கம்பெனி ரெப் ஒருவன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன், நான் டிரம்ஸ் வாங்கிய கதையை யாரிடமோ கேட்டிருக்கிறான். பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, நானும் வாங்கலாமான்னு பாக்குறேன். பிரயோஜனம் உண்டா?"

"டிரம்ஸ் கத்துக்கிறதுக்கா?"

"ஆமாண்ணே."

"அதுக்குன்னா வேணாம் மாப்ள. வராது. திரையைப் பாத்து அடிக்கத்தான் வரும்."

"அப்ப வேஸ்டா?"

இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஆமாம் என்று சொல்லவும் நினைத்தேன். பழசாகப் பார்த்து வாங்கு, பெடலுக்கு இரும்புத் தகடு போட்டிருக்கிறதா பார், டிவி பிந்துவதைச் சரிசெய்யாமல் உன் கையைக் குறை சொல்லாதே, நம் பாட்டு எதையும் அதில் எதிர்பார்க்காதே என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கீழே ஆள் குடியிருக்கிற வீடு என்றால் வாங்குவதற்கு முன்பே அவர்களைக் கூட்டிவந்து காட்டிவிடு என்றேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டவன் திரும்பவும் தொடங்கிய இடத்துக்கே வந்தான்.

"நீங்க வாங்கினது சரிதானாண்ணே? அத மட்டும் சொல்லுங்க."

"வீட்ல கேட்டா சரின்னு சொல்லுவாங்க" என்றேன். "எனக்கு இன்னும் தெரியல."

அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து, ரெப்பெல்லாம் சீக்கிரம் வாங்க, டாக்டர் கிளம்பப்போறாங்க என்றாள். பைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலில் முட்டிக்கொண்டோம்.